சோலையம்மாள் முண்டு வத்தல்

என் முகம் துபாய் வரை போயிருக்கிறது. நான் ராமநாதபுரத்தைத் தாண்டியதில்லை. மகள் கவிப்ரியா தொடங்கிய இயற்கை மிளகாய்க் கம்பெனியின் எல்லாப் பாக்கெட்டிலும் சோலையம்மாள் என்ற என் பேருக்குக் கீழே நான்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அது போதாதென்று மிளகாய்க் கொல்லை வரப்பில் சோலாரில் ஓடும் கேமரா வேறு. பாக்கெட் வாங்கியவர்கள் போனில் தட்டினால் என் கொல்லை தெரியும். கொசு கடித்தாலும் யோசித்துத்தான் சொறிய வேண்டும்.

இந்த வருஷம் செடியில் இலைப்பேன் விழுந்து இலையெல்லாம் சுருண்டது. எனக்கு வயிறு எரிந்தது. பக்கத்துக் கொல்லைக் கொழுந்தன் கூத்தையாவிடம் தெளிப்பானை இரவல் வாங்கி, சோப்புப் போட்டுக் கழுவி, வேப்பெண்ணெய் கரைத்து முதுகில் மாட்டினேன். உடனே மகளிடமிருந்து போன் வந்தது.

"அதை இறக்கும்மா! டேங்குல பூச்சிமருந்துக் கம்பெனி பேரு பெருசா தெரியுது. வெசம் அடிக்கிறீகன்னு பாக்குறவங்க எழுதுறாங்க."

"வேப்பெண்ணெய்டி."

"கேமராவுக்கு வாசம் தெரியுமா? புதுத் தெளிப்பான் அனுப்புறேன்."

அது வந்து சேர்வதற்குள் கொல்லை பாழாய்ப் போய்விட்டது.

இன்று காலை, துபாயில் கடைகள் வைத்திருக்கும் கீழக்கரை ஹசன் அலி கொல்லையைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர் சரக்கு எடுத்தால்தான் கம்பெனி நிற்கும். விடிந்ததும் கவிப்ரியா வந்து இறங்கி, கேமராவைப் பிடுங்கிக் கூத்தையா கொல்லையில் நட்டாள். அங்கே செடிகள் பச்சைப்பசேலென்று நின்றன. நிற்காமல் என்ன? முந்தாநாள்தான் மருந்து அடித்திருந்தான்.

"இங்கனயா நிக்கச் சொல்ற? மருந்து வாடை குடலைப் பொரட்டுதுடி."

"இன்னைக்கு மட்டும்மா. எனக்கு வேற வழி தெரியல."

பார்த்த வேலையை விட்டுவிட்டு இதில் விழுந்தவள். திட்டத்தான் நினைத்தேன். அவள் கண்ணைப் பார்த்தேன். போய் நின்றேன்.

"மாஷா அல்லாஹ்!" என்றார் ஹசன் அலி. "பாக்கெட்டுல பாத்த மாதிரியே இருக்கீங்கம்மா." உருண்டையாக ஒரு முண்டு மிளகாய்ப் பழத்தைப் பறித்தார். "நம்ம மிளகாயைக் கழுவக்கூட வேணாம்ல?"

அவர் வாய்க்குக் கொண்டுபோன கையைப் பிடித்துவிட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், கேமராவும்தான். உண்மையைச் சொன்னால் மகளின் கம்பெனி போகும். சும்மா இருந்தால் இந்த மனுஷன் மருந்தைத் தின்பார்.

"எங்க ஊர்ல கொல்லைக்காரி தின்னுட்டுத்தான் விருந்தாளிக்குக் கொடுக்கிறது" என்றேன். அப்படி ஒரு வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. பழத்தை வாங்கி வாயில் போட்டு மென்றேன். காரத்தை முந்திக்கொண்டு மருந்து நெடி மூக்கில் ஏறியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"காரம் ஜாஸ்தியோ?" அவர் சிரித்தார். "சரி, இனி நானும் திங்கலாம்ல?" அடுத்த பழத்துக்குக் கை நீட்டினார்.

இந்தத் தடவை அந்தக் கையைப் பிடித்தவள் கவிப்ரியா.

"வேணாம் சார். இது எங்க கொல்லை இல்ல. மருந்து அடிச்சது" என்றாள். அப்புறம் என் தாடையைப் பிடித்து உலுக்கினாள். "துப்பும்மா, துப்பு!"

"முழுங்கிட்டேன்டி" என்றேன்.