தொட்டிக்குக் குறுக்கே ஒரு கோடு

கேமரா ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா மீன் தொட்டியைத் தட்டிவிட்டாள். அந்த அறையில் நாங்கள் தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொண்டு வெளியே ஓடுவோம். அவளோ விரல் முட்டியால் இரண்டு தட்டு.

விஷயத்தை முறையாகச் சொல்லிவிடுகிறேன். உடம்பில் நீலக் கோடுகள் ஓடும், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன்கள் அவை. மருந்து கொடுத்து, அம்மாவுக்கு வந்திருக்கும் பார்க்கின்சன் நோய் போன்ற ஒன்றை அவற்றுக்கு வரவழைத்துப் பார்ப்பதுதான் எங்கள் ஆய்வகத்தின் வேலை. மீன் நீந்தும் வழியைக் கேமரா திரையில் கோடாக இழுக்கும். நல்ல மீன் என்றால் சிக்குப்பிடித்த நூல்கண்டு மாதிரி தொட்டி முழுக்கக் கோடு. நோய் கண்டதற்கு மூலையில் ஒரு கிறுக்கல், அவ்வளவுதான்.

அம்மா டிரில் டீச்சராக மைதானத்திலேயே காலம் கழித்தவள். தெருவில் ஒருமுறை விழுந்ததிலிருந்து அண்ணன் வாசலைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். சக்கர நாற்காலிக்கும் சொல்லிவைத்துவிட்டான். அன்று அவள் என்னோடு ஆய்வகத்துக்கு வந்ததே அவனிடம் மல்லுக்கட்டித்தான்.

மூலையில் கிடந்த மீனைக் காட்டி, அதற்கும் உன் வியாதிதான் என்றேன்.

"இத யாருடி பூட்டி வச்சது?" என்று கேட்டுத்தான் தட்டினாள். மீன் வெடுக்கென்று கிளம்பித் தொட்டியின் எதிர்ச்சுவர்வரை போனது. திரையில் குறுக்கே ஒரு கோடு விழுந்தது.

பயந்து ஓடியதம்மா, குணமாகவில்லை என்றேன்.

"இருக்கட்டுமே. ஓடுச்சுல்ல?"

அந்தப் பதிவு ஆய்வில் சேராது என்று குறித்து ஒதுக்கினேன். அழிக்க மட்டும் கை வரவில்லை.

மறுநாள் காலை நாற்காலி வந்து இறங்கியது. அதை உள்ளே எடுக்க அண்ணன் கதவைத் திறந்ததும் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நிலைப்படியில் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. இந்த வியாதி வந்ததிலிருந்து வாசல் என்றாலே அவளுக்கு அப்படி ஆகிவிடும்.

"பாத்தியா? இதுக்குத்தான் சொல்றேன். பேசாம ஒக்காரும்மா" என்று அண்ணன் கையைப் பிடித்தான்.

"கைய எடுடா. இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு நடக்கச் சொல்லிக் குடுத்தவ நான். உனக்கும் சேத்து."

விரல் முட்டியால் நிலைக்காலில் இரண்டு தட்டு தட்டினாள். மைதானத்துக் குரலில், "லெஃப்ட்" என்றாள். கால் அசையவில்லை. மறுபடி தட்டினாள். "லெஃப்ட்."

கால் எழுந்தது.

அண்ணன் காலி நாற்காலியை உருட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். இரவு பெய்த மழையில் தெரு மண் ஊறிக் கிடந்தது. அவள் செருப்பு இழுத்த கோடு, கோணல்மாணலாக, எதிர்ச்சுவரை நோக்கி நீண்டுகொண்டிருந்தது.