இருபதடி தூரம்

வாட்ச்மேன் இன்டர்காமை இரண்டு முறை அடித்து விட்டுவிட்டால் வண்டியை நகர்த்த வேண்டும் என்று அர்த்தம். யாரோடும் பேச வேண்டாம் என்பதற்காக சஹானாவே செய்துகொண்ட ஏற்பாடு அது. வியாழக்கிழமை எட்டே முக்காலுக்கு அது அடித்தபோது அவள் அடுப்பை அணைத்து, துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு, ஃபிரிட்ஜ் மேலிருந்த சாவியோடு நான்கு மாடி இறங்கினாள்.

புனே ஹடப்சரில் அந்தக் குடியிருப்பைக் கட்டியவர்கள் ஸ்கூட்டர்களை மட்டும்தான் மனதில் வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. இரண்டு வீட்டுக்கு ஒரே பார்க்கிங். ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிறுத்த முடியும். உள்ளே சுவரை ஒட்டி கீழ்வீட்டு ஜெயந்தின் சின்ன சிஎன்ஜி கார். அதை மறித்துக்கொண்டு அப்பாவின் ஏழு சீட் டீசல் வண்டி, நடைவழியில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. ஜெயந்த் கராடியில் வேலைக்குப் போகவும் வரவும் அது விலகியாக வேண்டும். சஹானா இருபதடி முன்னால் எடுப்பாள். சின்ன கார் நழுவிப் போகும். அவள் ரிவர்ஸில் வந்து பழைய இடத்தில் நிறுத்துவாள். பதினேழு வயதுதான், லைசன்ஸ் கிடையாது. ஆகவே கேட்டைத் தாண்டியதில்லை. இரண்டு வருஷத்தில் அவள் ஓட்டியதையெல்லாம் கூட்டினால் புனே ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்பியிருக்கலாம்.

ஓட்டக் கற்றுக்கொடுத்தது அப்பாதான். பத்தாம் வகுப்பில் மராத்தி வாசிக்கச் சொன்னபோது அவள் எழுந்து நின்று வாயே திறக்காமல் இருந்துவிட்டாள். வகுப்பு சிரித்தது. மறுநாள் காய்ச்சல். காய்ச்சல் விட்ட பிறகும் அவள் போகவில்லை, யாரும் போ என்று சொல்லவுமில்லை. அந்த மாதங்களில்தான் அப்பா தினமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, குரல் உயர்த்தாமல், "மெதுவா விடு கிளட்ச, அது உன்னோட பேசும் கேளு" என்று சொல்லிக்கொடுத்தார். அந்த நாட்களை நினைத்தால் அப்பாமேல் அவளுக்குக் கோபமே வராது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அப்பா ஜம்புநாதன் முப்பது வருஷம் ஒரே ஸ்கூட்டரில் கிர்க்கிக்கு வேலைக்குப் போய்வந்தவர். மழையில் நனைந்து, லாரிக்காரர்களிடம் வசவு வாங்கி, ஓய்வுபெற்ற மாதமே பழைய வண்டியாக இதை வாங்கினார். மூன்று பேருக்கு ஏழு சீட் எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, "இனிமே ஒருத்தன் என்னைப் பார்த்து ஒதுங்குன்னு ஹாரன் அடிக்கப்படாது" என்றார். ஞாயிறன்று கோயிலுக்கு ஒருமுறை எடுப்பார். இன்னொருத்தன் கூப்பிட்டு இறங்கிப்போய் வண்டியை ஒதுக்குவது அவருக்குக் கௌரவக் குறைச்சல்; மற்ற நாளெல்லாம் அது சஹானாவின் பொறுப்பு.

அன்று ஜெயந்தின் கார் போன பிறகு அவள் உடனே இறங்கவில்லை. டிரைவர் சீட்டுக்கு மேலிருந்த வெயில் மறைப்பை இறக்கி, அதில் செருகியிருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். பள்ளிக்குப் போகாமலே பத்தாவது எழுதுவதற்கான பதினேழாம் நம்பர் படிவம். அம்மா வாங்கி வந்தது. காலை பதினொன்றிலிருந்து இரண்டுவரை பக்கத்துப் பள்ளியில் வகுப்பு உண்டு. பெற்றோர் கையெழுத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. செவ்வாய்க்கிழமை கடைசி நாள்.

"நான் போட்டா அவர் என்னைத்தான் திட்டுவார்," என்று அம்மா ருக்மிணி சொல்லியிருந்தாள். "நீயே வாயைத் திறந்து கேளேன். வண்டியை யார் எடுப்பான்னுதான் முதல்ல கேப்பார். அதுக்கு பதில் வச்சுக்கோ."

அந்தப் பதிலை வேறு யாரோ நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். ஞாயிறு காலை குடியிருப்புச் சங்கத்தின் பொதுக்குழு. நாலரை மீட்டரைத் தாண்டும் வண்டிகளுக்கு மாதாமாதம் கூடுதல் கட்டணம். கட்டுகிறவர்களுக்கு மதிலோரம் தனி இடம். அப்பா கட்டினால் வண்டி மதிலோரம் போய்விடும், யாரையும் மறிக்காது. கட்டமாட்டேன் என்றால் விற்க வேண்டும். எப்படியானாலும் இன்டர்காம் அடிக்காது. மூன்று நாளும் சஹானா குளிக்கும்போதும் காய் நறுக்கும்போதும் அந்தக் கட்டணம் நிறைவேற வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். தன் வீட்டுக்கு வரி விழவேண்டும் என்று வேண்டிக்கொண்ட பெண் உலகத்தில் அவள் ஒருத்திதான் இருப்பாள்.

கூட்டம் பார்க்கிங்கிலேயே நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளை நடைவழியை விட்டுத் தள்ளிப் போட்டிருந்தார்கள். செயலாளர் நிம்கர் தீர்மானத்தை மராத்தியிலும் இந்தியிலும் வாசித்தார். அப்பா இந்தியில்தான் ஆரம்பித்தார்; ஜெயந்த் எழுந்ததும் சண்டை தமிழுக்கு மாறியது.

"வாங்கறச்சயே அரசாங்கத்துக்கு வரி கட்டியாச்சு. டீசல் போடறச்சயும் கட்டறேன். இன்னும் எத்தனை தடவை கட்டணும்?"

"வாங்கினப்போ கட்டினது மொதல் ஓனர், மாமா."

யாரோ ஒரு தமிழர் சிரித்தார். மற்றவர்கள் என்ன என்று கேட்டு, இந்தியில் தெரிந்துகொண்டு, தாமதமாகச் சிரித்தார்கள்.

"உங்க வண்டி ஸ்டார்ட் பண்ணி நிக்கறதுக்குக் குடிக்கற டீசல் காசுல என் வண்டி ஆபீஸ் போய்டும்," என்றான் ஜெயந்த்.

"என் காசுலதானே குடிக்கறது? உன் வீட்டுக் காப்பியையா குடிச்சுது?"

"காசு உங்களுது. புகை என் பால்கனிக்குன்னா வரது? இடமும் ஒண்ணரைப் பங்கு. கட்டறது மட்டும் சமபங்கு!"

நிம்கர் கையமர்த்தினார். பெரிய வண்டிக்காரர்களும் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஓட்டெடுத்தால் மனக்கசப்புதான் மிஞ்சும். அவர் ஒரு வழி சொன்னார். காலை எட்டிலிருந்து இரவு எட்டுவரை, கூப்பிட்ட ஐந்து நிமிடத்தில் வண்டியை நகர்த்த வீட்டில் எப்போதும் ஓர் ஆள் இருப்பதாக எழுதிக் கொடுப்பவர்களுக்குக் கட்டணம் வேண்டாம்.

பெரிய வண்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோர் வீட்டிலும் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். அப்பா மட்டும் எழுந்தார். அவர் முகம் இப்படி மலர்ந்து சஹானா பார்த்து வெகுநாளாயிற்று.

"எங்காத்துல அந்தக் கவலையே இல்லை. என் பொண்ணு எங்கே போறா? எப்பவும் ஆத்துலதான் இருக்கா. எங்கேயும் போகமாட்டா." திரும்பி அதையே பெருமையாக இந்தியில் சொன்னார். இரண்டு பேர் கைதட்டினார்கள். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஜெயந்த் மட்டும் சஹானாவைப் பார்த்து, "உனக்கு ஓகேவா?" என்றான். எல்லாத் தலைகளும் திரும்பின. மராத்தி வகுப்பில் எழுந்து நின்றது போலவே இருந்தது. "அவ என்ன சொல்லப்போறா," என்று அப்பா சிரித்தார்.

நிம்கர் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். வண்டி எண், வீட்டு எண், பொறுப்பாளர் பெயர். கீழே பொறுப்பாளர் கையெழுத்து.

அந்த நேரம் பார்த்து சின்ன காரிலிருந்து ஹாரன் அடித்தது. ஜெயந்தின் மனைவி வைஷு, குழந்தையை டாக்டரிடம் கூட்டிப்போக. "போ, எடு," என்றார் அப்பா, "எல்லாரும் பார்க்கட்டும்."

சஹானா ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் பாதியாகக் குறைந்தது. கிளட்சை மெதுவாக விட்டாள். இருபதடி. சின்ன கார் பின்னாலிருந்து வளைந்து அவளைத் தாண்டிப் போயிற்று. வாட்ச்மேன் திறந்த கேட்டைச் சாத்தாமல், அவள் எப்போதும்போல் பின்னால் எடுப்பதற்காகக் காத்திருந்தான். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் முழுக்க ஆட்களோடு திணறி நகர்ந்தது.

ரிவர்ஸ் கியருக்குக் கை போகவில்லை. கண்ணாடியில் அப்பா தெரிந்தார், ஒரு கையில் தாளும் ஒரு கையில் பேனாவுமாக, நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து வந்துகொண்டிருந்தார். வெயில் முகத்தில் அடித்தது. மறைப்பை இறக்கினாள். படிவம் மடியில் விழுந்தது.

"சஹானா, இங்க ஒரு கையெழுத்துப் போட்டுடு," அப்பா ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார். முகத்தில் இன்னும் அந்தச் சந்தோஷம்.

அவள் ஒரு கையால் மடியிலிருந்த காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, காகிதம் நுழைகிற அளவுக்கு மட்டும் கண்ணாடியை இறக்கினாள். படிவத்தின் காலிக் கட்டம் அவர் பக்கம் தெரியும்படி அந்த இடைவெளியில் நீட்டினாள். வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டு டீசலைக் குடித்துக்கொண்டிருந்தது.