பக்கத்து வீட்டுக் கருகல் வாடை

...அணைத்தோமா இல்லையா, சுவிட்சில் விரல் வைத்த ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது நேற்றைய விரலா இன்றைய விரலா... கூட்ட அறையில் மேலாளர் திரையைக் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தார், அவள் மண்டைக்குள் இஸ்திரிப்பெட்டி கொதித்துக்கொண்டிருந்தது. வால்வை மூட ஆபரேட்டர் மறப்பது நூற்றில் ஒரு தடவை, சரிபார்க்கிற சூப்பர்வைசர் கோட்டை விடுவதும் நூற்றில் ஒரு தடவை, பெருக்கினால் பத்தாயிரத்தில் ஒன்று, ஆலை பத்திரம், அறிக்கை இன்றைக்கே மேலே போகட்டும், "இதுல உனக்கு என்னம்மா பிரச்சினை?" பிரச்சினையா? அந்த சூப்பர்வைசர் வால்வுப் பக்கம் போனால்தானே! வாசலிலேயே நின்று "மூடியாச்சா?" என்று கத்துவார், உள்ளேயிருந்து "ஆச்சு சார்" என்று வரும், கையெழுத்து விழும், இவளே கண்ணால் பார்த்தாள். அவன் மறந்தால் இவரும் மறந்த மாதிரிதான், தலை இரண்டு, மூளை ஒன்று, இதைப் போய்ப் பெருக்குவார்களாம்... வாயு கசிந்தால் மூச்சு முட்டிச் சாகப்போவது பெருக்கிய ஆளா, கீழே நிற்கிறவர்களா?

தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே வந்து அம்மாவை அழைத்தாள். "அயர்ன் பாக்ஸா? அப்பா பாத்திருப்பாருடி." பின்னாலிருந்து அப்பா, "நான் எதுக்குப் பாக்கணும்? படிச்ச புள்ள, அணைக்காமலா போயிருக்கும்?" முதலில் எழுந்து போய்ப் பாருங்கள் என்று இவள் போட்ட கத்தலில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. செருப்புச் சத்தம், அப்புறம் "அய்யய்யோ!", அப்புறம் அம்மா நிதானமாக, "உங்கப்பா சட்டை போச்சுடி. நானும் அப்பவே வாடை புடிச்சேன், பக்கத்து வீடுன்னு நெனச்சேன்."

உள்ளே வந்த வேகத்தில் உட்காரக்கூட இல்லை. "எங்க வீட்டையே பெருக்கிப் பாருங்க சார். மூணு பேரு, ஆளுக்கு நூத்துல ஒண்ணு, மொத்தம் பத்து லட்சத்துல ஒண்ணு. அது இன்னிக்குக் காலையில நடந்துடுச்சு. எங்கப்பா சட்டையில ஓட்டை." அறையே சிரித்தது, மேலாளரும் சிரித்தார், குச்சியைக் கீழே வைத்தார், "சரி தாயே, அறிக்கையில உன் கணக்கையே போடு. அத யாராவது சரிபாத்தாங்களா?" பார்க்காமலா, பெருக்காமல் இவள் தனியாகப் போட்டு வைத்திருந்த கணக்கில் பக்கத்து நாற்காலி சீனியர் அண்ணன் காலையிலேயே கையெழுத்துப் போட்டாரே, வென்றுவிட்டோம் என்று நெஞ்சு நிமிர்ந்தது. அண்ணன் கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல், "இவ போட்டா சரியாத்தான் சார் இருக்கும், நல்லாப் படிச்ச புள்ள" என்றார். காலையிலும் இதையேதான் சொன்னார், அப்போது அது பாராட்டாகக் கேட்டது, இவளும் இரண்டாம் தடவை பார்க்காமல்... மேலாளர் கையெழுத்துப் போடப் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார். லேசாக ஏதோ கருகுகிற வாடை. பக்கத்து அறையாக இருக்குமோ...