மிசினுக்காக ஒரு ஆட்டம்

இந்தத் துப்பாக்கி ஆட்டம் ஆறே மாசத்தில் செத்துப்போகும் என்று திருநாவுக்கரசு சொல்லி முழுசாக ஒரு வருஷம் ஓடிவிட்டது. எங்கே செத்தது! தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பின் டவுனில் உடையப்பன் செட்டியாரின் சைபர் கஃபேக்குள் போய்ப் பார்த்தால் உட்கார நாற்காலி கிடைக்காது. அத்தனை கம்ப்யூட்டரிலும் அந்த ஒரே ஆட்டம்தான். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். திரைக்குள் ஒரு கிடங்கு, அதைச் சுற்றி நாலு சந்து. சுடுபட்டவன் அந்த ரவுண்டு முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஒரு பக்கத்து ஆட்கள் எல்லாரும் விழுந்தால் ரவுண்டு மற்றவர்களுக்கு.

"அதே கிடங்கு, அதே சந்து. தெனமும் அதே எழவு! இதுல என்னத்தடா கண்டீங்க?" என்று திருநாவுக்கரசு கேட்காத ஞாயிறு கிடையாது.

"ஒன் மிசின்ல மட்டும் தெனம் புதுக் கப்பலா வருதாக்கும்?" என்பான் கணேசமூர்த்தி. இருவரும் ரெம்பாவ் ரோட்டு ரப்பர் தோட்டத்தில் அடுத்தடுத்த லயத்து வீடுகளில் பிறந்தவர்கள். வயது முப்பத்துநாலு ஆகியும் பேச்சில் ஒருவரையொருவர் விட்டுக்கொடுத்ததில்லை.

மிசின் என்பது கடை மூலையில் நிற்கும் பழைய வீடியோ கேம். காசு போட்டால் மேலிருந்து எதிரிக் கப்பல்கள் வரிசையாக இறங்கும், கீழே நின்று சுட வேண்டும். செட்டியார் வீடியோ கேம் கடையாக ஆரம்பித்த காலத்தில் அந்த மிசினில் திருநாவுக்கரசை அடிக்க ஆளே இல்லை. தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து அவன் அதன் முன்னால் நின்றால் டவுன் பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு வழிவிடுவார்கள். பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள், அவன் ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போனான். அங்கே அவனை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. மிசின் முன்னால் நின்றால்தான் தானும் ஒரு ஆள் என்று அவனுக்குத் தோன்றும்.

அந்த மிசினுக்குத்தான் இப்போது ஆபத்து. மலாக்காவிலிருந்து பழைய சாமான் வாங்குகிறவன் திங்கட்கிழமை லோரியோடு வருகிறான். அந்த இடத்தில் இன்னும் இரண்டு கம்ப்யூட்டர் போடப்போகிறாராம் செட்டியார். திருநாவுக்கரசு கெஞ்சினான், கத்தினான், கடைசியில் இந்த ஆட்டத்தையே வாய்க்கு வந்தபடி திட்டினான். செட்டியார் அசரவில்லை.

"வாய் கிழியப் பேசுறல்ல? இன்னைக்கு பாரோய் டவுன்லேருந்து பசங்க வர்றாங்க. நீ கிண்டல் பண்ற அதே ஆட்டத்துல அவங்கள ஜெயிச்சுக் காட்டு. மிசின் நின்ன எடத்துலயே நிக்கும். எல்லாரும் கேட்டுக்குங்கப்பா, இது என் வாக்கு" என்றார்.

கணேசமூர்த்தியின் குழுவில் ஒருவனுக்கு அன்று வேலை. அந்த நாற்காலியில் திருநாவுக்கரசு உட்கார்ந்தான். எதிர் வரிசையில் பாரோய்க்காரர்கள், மூன்று மலாய்ப் பையன்கள், இரண்டு சீனர்கள். நடுவில் பலகைத் தடுப்பு. முதலில் பத்து ரவுண்டு எடுப்பவர்களுக்கு வெற்றி.

தோட்டத்துப் பந்து விளையாட்டில் பழகிய பழக்கம் ஒன்று நம் ஆட்களுக்கு உண்டு. அடுத்த இனத்துக்காரனோடு ஆடினால் எல்லாத் திட்டத்தையும் தமிழிலேயே உரக்கக் கத்துவது. எவனுக்குப் புரியப்போகிறது என்ற தைரியம். அன்றும் அப்படித்தான் கடை அதிரக் கத்தினார்கள்.

"சன்னாசி, பின்பக்கமா சுத்திப் போ!"

சன்னாசி சுற்றிப் போனான். அங்கே ஒருத்தன் தயாராக நின்று சுட்டான். "நான் மேல ஏறுறேன்" என்று இன்னொருவன் கத்தினான். அவனும் ஏணியிலேயே விழுந்தான். எங்கே போனாலும் எதிரி முன்கூட்டியே வந்து நின்றான். கணேசமூர்த்தியின் கைவேகம் ஒன்றுதான் அவர்களை மூழ்காமல் வைத்திருந்தது. எட்டுக்கு எட்டு ஆனபோது திருநாவுக்கரசின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"எப்படிடா கண்டுபிடிக்கிறானுங்க? செய்வினை கிய்வினை வச்சிருக்கானுங்களா?" என்று சன்னாசி பல்லைக் கடித்தான்.

"செய்வினைலாம் ஒண்ணுமில்ல லா. ஒன் சப்பாத்து நாத்தம் பாரோய் வரைக்கும் அடிக்குது" என்றான் கணேசமூர்த்தி.

தடுப்புக்கு அப்பால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

திருநாவுக்கரசுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெல்ல எழுந்து எட்டிப் பார்த்தான். ஆ ஹொக் என்று கூட்டாளிகள் கூப்பிட்ட சீனப் பையன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். அடப்பாவி! தோட்டத்து மளிகைக் கடைச் சீனர் வீட்டுப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசும் என்பது தோட்டத்தில் பிறந்த எவனுக்கும் தெரியும். தெரிந்தும் ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை.

வாய்விட்டுச் சொன்னால் அவன் காதிலும் விழும். கணேசமூர்த்தியின் காதில் கிசுகிசுத்திருக்கலாம், முழங்கை தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தான். திருநாவுக்கரசு கிசுகிசுக்கவில்லை. இது தன் ஒருவனிடம் இருக்கட்டும், சமயம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான். மிசின் முன்னால் தனியாகவே நின்று ஆடியவனுக்குப் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவேயில்லை.

ஒன்பதுக்கு ஒன்பது. கடைசி ரவுண்டு. வேடிக்கை பார்ப்பவர்கள் முதுகுக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்றார்கள். செட்டியாரே கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். சடசடவென்று சுடுபட்டு இந்தப் பக்கம் மூன்று பேர் விழுந்தார்கள், அந்தப் பக்கம் நாலு. மிச்சம் திருநாவுக்கரசும் கணேசமூர்த்தியும். எதிரே ஆ ஹொக் மட்டும். ஆனால் அவன் கையில் தூரத்திலிருந்து சுடும் துப்பாக்கி. கிடங்குக்குள் எங்கோ ஒளிந்திருந்தான். தலையை நீட்டுகிறவன் காலி.

"இடது சந்து எப்படிடா இருக்கு? பாத்தியா?" என்று கேட்டான் கணேசமூர்த்தி.

திருநாவுக்கரசு அந்தச் சந்தின் பக்கமே போகவில்லை. லோரி, மலாக்காக்காரன், மூலையில் காலியிடம் எல்லாம் கண்ணில் வந்து போயின.

"பாத்துட்டேன். காலிதான், ஒரு பயலும் இல்ல. தைரியமா போ!" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

கணேசமூர்த்தி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சந்துக்குள் ஓடினான். ஆ ஹொக் துப்பாக்கியை அந்தப் பக்கம் திருப்பிக் காத்திருந்து ஒரே குண்டில் அவனை வீழ்த்தினான். அதே நேரத்தில் வலது கதவு வழியாக நுழைந்த திருநாவுக்கரசுக்கு ஆ ஹொக்கின் முதுகு தெரிந்தது. சுட்டான்.

கடையே கூரை பிய்ந்துபோகக் கத்தியது. சன்னாசி நாற்காலி மேல் ஏறிக் குதித்தான். தடுப்புக்கு மேலே ஆ ஹொக் தலை நீட்டினான்.

"அண்ணே, பெரிய கேடிண்ணே நீங்க! கூட்டாளியவே புழுவா மாட்டி என்னைப் புடிச்சிட்டீங்களே!" என்று சுத்தமான தோட்டத்துத் தமிழில் சொன்னான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கணேசமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. "அவனுக்குத் தமிழ் தெரியும்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டான்.

"அப்பதான்டா தெரிஞ்சுது. சும்மா ஆட்டத்துக்கு..."

"நீ அந்தச் சந்தப் பாக்கவே இல்ல."

திருநாவுக்கரசு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தான்.

செட்டியார் வாக்குத் தவறாதவர். தன் கையாலேயே மிசினில் காசு போட்டு, "ஆடுய்யா, ஒன் மிசின்" என்றார். திருநாவுக்கரசு போய் நின்றான். கப்பல்கள் இறங்கின. எது எங்கே திரும்பும், எது எப்போது சுடும் என்று அவன் கைக்கு மனப்பாடம். அதில் ஒன்றுகூட அவனை நம்பி ஓடி வராது. பின்னால் அடுத்த ஆட்டத்துக்கு நாற்காலிகள் நகர்ந்தன. கணேசமூர்த்தி ஆள் எடுத்துக்கொண்டிருந்தான், திருநாவுக்கரசின் பெயரைச் சொல்லவில்லை. கப்பல்களை அந்தரத்தில் விட்டுவிட்டுத் திரும்பினான்.

"ஆளு கொறையுதாடா?"

"கொறையுது" என்றான் கணேசமூர்த்தி, திரையைப் பார்த்தபடி. "உக்காரு."

இந்தத் தடவை திருநாவுக்கரசு எல்லாருக்கும் முன்னால் ஓடினான். கிடங்கின் பின்படிக்கட்டை அடிமுதல் உச்சிவரை பார்த்தான், யாருமில்லை. இறங்கி வெளியே வந்த கையோடு சுடுபட்டு விழுந்தான். கணேசமூர்த்தி அப்போது கீழே தனியாக மாட்டிக்கொண்டிருந்தான்.

"கணேசா, படிக்கட்டுல ஏறு! நெஜமா காலி, இப்பதான் பாத்தேன்!"

"நம்பாதீங்கண்ணே!" என்று எதிரேயிருந்து ஆ ஹொக் சிரித்தான்.

கணேசமூர்த்தியின் கை அப்படியே நின்றது. திருநாவுக்கரசு மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்தான். ஏறுடா, ஏறு! கை அசைந்தது. கணேசமூர்த்தி படிக்கட்டை விட்டுவிட்டு வாசல் பக்கம் போனான். வாசலில் இரண்டு பேர் நின்று சுட்டார்கள்.

படிக்கட்டில் கடைசிவரை ஒரு ஆளும் வரவில்லை. சுடுபட்ட பிறகு வேடிக்கை பார்த்த கணேசமூர்த்திக்கும் அது தெரிந்தது. மூலையில் மிசின் அடுத்த காசுக்காகப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. திருநாவுக்கரசு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அடுத்த ஞாயிறு எத்தன மணிக்குடா?" என்று கேட்டான்.

"எப்பவும் போல ரெண்டு மணிக்கு. வா" என்றான் கணேசமூர்த்தி. "ஆனா எங்க காலி, எங்க ஆளு இருக்குன்னு இனிமே நானே பாத்துக்குவேன்."