கடைசிக் கம்பத்து வீடு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். இது தெரிந்திருந்தும் எப்ராயீம் காலனிக்காரர்கள் என்னை மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தலைவியாக்கினார்கள் என்றால், தப்பு என்னுடையதா, அவர்களுடையதா? நீங்களே சொல்லுங்கள்.

காலனி இருப்பது இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டுக்கும் ஏரிக்கும் நடுவில். இரண்டே தெரு. பள்ளிக்கூட வாத்தியார்கள், ரயில்வே குமாஸ்தாக்கள், தினமும் தாம்பரத்தில் எலெக்ட்ரிக் டிரெயின் பிடித்துக் கோட்டைக்குப் போகிற ஆபீஸர்கள். பாதி வீட்டு வாசலில் சிலுவை, பாதி வீட்டு வாசலில் கோலம். மின்சாரம் கேட்டு மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்த பிறகு, நாங்களே பங்கு போட்டுச் சங்கம் ஆரம்பித்தோம். வாரியத்திடம் மொத்தமாக மின்சாரம் வாங்கி, சொந்த டிரான்ஸ்பார்மர் வழியாக வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டோம். கம்பம் எங்களுடையது, கம்பி எங்களுடையது, பியூஸ் போனால் விழுகிற வசவும் எங்களுடையதுதான்.

பியூஸ் போவதற்குப் பஞ்சமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குக் கிளம்புகிற நேரத்தில் எல்லாக் கிறிஸ்தவ வீட்டிலும் இஸ்திரிப் பெட்டி சூடாகும். மார்கழி விடியற்காலையில் எதிர்வரிசை ஐயங்கார் வீடுகளில் வெந்நீர் ஹீட்டர் கொதிக்கும். எங்களுடையதோ சின்ன டிரான்ஸ்பார்மர். பாவம், அது எத்தனையைத்தான் தாங்கும்?

இதற்கு வழி கண்டுபிடித்தவர் சத்தியநாதன் ஐயா. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடாமல் இருக்க, டிரைவர் கையில் ஒரு வளையம் கொடுப்பார்கள் அல்லவா? வளையம் இல்லாமல் வண்டி நகராது. அதே மாதிரி தெருவுக்கு ஒரு பிரம்பு வளையம் செய்து கொடுத்தார். எந்த வீட்டு கேட்டில் வளையம் தொங்குகிறதோ அந்த வீடுதான் இஸ்திரியோ ஹீட்டரோ போடலாம். முடிந்ததும் பக்கத்து வீட்டு கேட்டில் மாட்டிவிட வேண்டும். அவர் காலமான பிறகும் எங்கள் ஜனங்கள் அந்த வளையத்தைச் சுவிசேஷம் மாதிரி மதித்தார்கள்.

அறுபத்தாறில் கங்கையம்மாள் வந்தாள். காலனிக்காரி இல்லை, ஏரிக்கரைக் குடிசைக்காரி. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் இட்லி விற்பவள். விடிவதற்கு முன் மாவாட்ட வேண்டும். சிம்னி விளக்குப் புகையில் மாவெல்லாம் கரி. "டீச்சரம்மா, ஒரே ஒரு பல்ப்பு. ஹீட்டரா கேட்டேன், பங்களாவா கேட்டேன்?" என்றாள்.

நான் பொதுக்குழுவில் வைத்தேன். செயலாளர் தோத்தாத்ரி எழுந்து நின்றார். அரசாங்கத் தணிக்கைத் துறையில் இருந்தவர். சட்டம் என்றால் அவருக்குச் சர்க்கரைப் பொங்கல்.

"டீச்சர், இன்னிக்கு ஒரு பல்பும்பா. நாளைக்கு ஏரிக்கரையே வந்து நிக்கும். நம்ம கட்டுப்பாடு அவாளுக்குத் தெரியுமா?"

"சொல்லிக் கொடுத்தால் தெரியும் சார். நமக்கு மட்டும் கருவிலேயே தெரிந்ததா?" என்று நான் கத்தினேன்.

கத்தி என்ன, பாதிதான் கிடைத்தது. சோதனை முறையில் இணைப்பு. ஓட்டுரிமை கிடையாது. ஒரே ஒரு விதியை மீறினாலும் கம்பியைக் கத்தரித்துவிடலாம். முதல் தெருவைத் தாண்டி, இரண்டாவது தெருவும் முடிந்து, அதற்கப்புறம் ஒரு கம்பம் நட்டு, கங்கையம்மாள் குடிசைக்குக் கம்பி போயிற்று. பல்பு எரிந்த அன்று ஏரிக்கரையே அங்கே கூடிவிட்டது. நமக்கும் ஒரு நாள் வரும் என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது.

அந்த ஐப்பசியில்தான் புயல் அடித்தது.

விடிந்து பார்த்தால் முதல் தெருவில் பாதிக் கம்பம் படுத்திருந்தது. புளியமரம் ஒன்று கம்பிமேல் சாய்ந்து கிடந்தது. தெருவிளக்கு பல்பு ஒன்றுகூட மிஞ்சவில்லை. எங்கள் லைன்மேன் ரத்தினம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "இன்னா டீச்சர் இது, பேஜாரா பூட்ச்சே!"

"உட்கார்ந்தால் கம்பம் எழுந்து நிற்குமா? எழுந்திரு!" என்றேன்.

அப்புறம் பார்க்க வேண்டுமே எங்கள் ஆட்களை! ஹிஸ்டரி வாத்தியார் குழி தோண்டினார். செக்ரடேரியட் ஆபீஸர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிறு இழுத்தார். ஏரிக்கரை ஆண்கள் கூப்பிடாமலே வந்து மரத்தை வெட்டினார்கள். ஊர் கூடித் தேர் இழுத்த மாதிரிதான். கங்கையம்மாள் கூடையோடு வந்து எல்லாருக்கும் இட்லி போட்டாள், போட்டுவிட்டு, "ஓசின்னு நெனச்சிகினீங்களா? துட்டு எடுங்க சார்" என்று கையை நீட்டினாள். தோத்தாத்ரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கம்பி இழுத்து முடித்ததும் மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்க வாரியத்திலிருந்து ஓர் இன்ஜினியர் ஜீப்பில் வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் கறார்.

"மேடம், வாத்தியார்கள் இழுத்த கம்பியை நான் எப்படி நம்புவது? இன்று சாயங்காலம் காலனி முழுக்க விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். எரியவில்லை என்றால், சங்கத்தை அரசாங்கமே எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதிவிடுவேன்."

சங்கம் போனால் காலனிக்கு ஒன்றும் குடிமுழுகாது. எப்படியோ விளக்கு வரும். ஆனால் பட்டா இல்லாத ஏரிக்கரைக்கு? கங்கையம்மாளின் ஒற்றைப் பல்பைப் பிடுங்குவதுதான் முதல் வேலையாக இருக்கும். அவளுக்கும் அது தெரியும். "டீச்சரம்மா, என் லைட்டு பூடுமா?" என்று மட்டும் கேட்டாள். போகாது என்று சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே நிச்சயமில்லை.

எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் மெயின் சுவிட்சைப் போட்டால் பியூஸ் பறக்கும். ஆகவே நானும் தோத்தாத்ரியும் வீடு வீடாகப் போய்ச் சொன்னோம்: வளையம் உங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் மெயினைத் தொட வேண்டும். விளக்கைப் போட்டுவிட்டு வளையத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். ஏரிக்கரைக்கு வளையமே கிடையாது. அதனால் தோத்தாத்ரி கங்கையம்மாளிடம், "நான் ஆள் அனுப்பறவரைக்கும் நீ சுவிட்சைத் தொடப்படாது, தெரிஞ்சுதா?" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தார்.

ரோட்டோரம் டிரான்ஸ்பார்மர் அடியில் நான், இன்ஜினியர், ரத்தினம் மூன்று பேரும் நின்றோம். வெயில் தாழ்கிற நேரத்தில் ரத்தினம் மின்சாரத்தைக் கொடுத்தான். நாங்கள் மீட்டரைப் பார்த்தோம். முள் அசையவில்லை.

"பொறுங்கள், வளையம் கிளம்பியிருக்கும்" என்றேன்.

பொறுத்தோம். இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு தெருவும் மை அப்பிய மாதிரி கிடந்தன. ஒரு வீட்டில்கூட வெளிச்சம் இல்லை.

ரத்தினம் டெஸ்ட் லாம்ப் வைத்துக் காட்டினான். "இங்க வருது சார், பாருங்க!"

"இங்கே வருகிறது. உங்கள் கம்பியில் போகவில்லையே. எங்கேயோ அறுந்திருக்கிறது" என்று இன்ஜினியர் ஜீப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குக் கோபமே வரவில்லை. அழுகைதான் வந்தது.

அப்போது ரத்தினம் கத்தினான். "டீச்சர்! அங்க பாரு, அங்க!"

இரண்டாவது தெருவின் கோடியில், எல்லா வீட்டுக்கும் அப்பால், ஏரியை ஒட்டி மஞ்சளாக ஒரு பல்பு.

இன்ஜினியர் நின்றார். "அது யார் வீடு?"

"கடைசிக் கம்பத்து வீடு சார்."

"கடைசிக் கம்பமா? அங்கே எரிகிறதென்றால் நடுவில் அத்தனை கம்பியும் சரியாக இருக்கிறதே! அப்புறம் ஏன் ஒருத்தரும் விளக்குப் போடவில்லை?"

அதானே! எனக்குப் போன கோபம் இரண்டு பங்காகத் திரும்பி வந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன்.

என்ன நடந்திருக்கிறது தெரியுமா? முதல் வளையம் தோத்தாத்ரி வீட்டில்தான் ஆரம்பம். அவர் மனைவி சுந்தரவல்லி, "ஊரெல்லாம் இருட்டா இருக்கறப்போ நம்மாத்துல மட்டும் முதல்ல போட்டுக்கறதா? அழகா இருக்கு!" என்று போடாமலே அடுத்த வீட்டுக்குக் கொடுத்திருக்கிறாள். அவர்கள், கைக்குழந்தைக்காரி ஜெயசீலிக்குத்தான் முதலில் என்று அங்கே அனுப்பியிருக்கிறார்கள். ஜெயசீலி, "ஐயோ, பெரியவங்க இருக்கும்போது நானா?" என்று வாங்கவே இல்லை. இரண்டாவது தெருவிலும் இதே கதை. பந்திக்கு முந்து என்று பழமொழி சொன்னவன் எங்கள் காலனிக்கு வந்து பார்த்ததில்லை. இரண்டு வளையமும் எல்லா வாசலையும் மிதித்துவிட்டு, கடைசியில், தலைவி வீடுதான் முதல் என்று பூட்டிக் கிடந்த என் வீட்டு கேட்டில் ஜோடியாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒருத்தரும் சுவிட்சைத் தொடாததால், இன்னும் கரண்ட் வரவில்லை போலும் என்று காலனியே மெழுகுவர்த்தி ஏற்றி உட்கார்ந்திருந்தது!

"உங்கள் மரியாதையில் மண்ணைப் போட!" என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். வளையங்களை உள்ளே விட்டெறிந்தேன். பிறகு வகுப்பில் பெயர் கூப்பிடுகிற மாதிரி ஆரம்பித்தேன். "தோத்தாத்ரி!"

"இருக்கேன் டீச்சர்!"

"போடும்!"

விளக்கு எரிந்தது.

"தனசிங்! ... ஜெயசீலி! ... பத்ரிநாராயணன்!"

"உள்ளேன் டீச்சர்!" என்று இருட்டிலிருந்து ஐம்பது வயது ஆபீஸர் குரல் கொடுத்தார். வீடு வீடாக, தெருத் தெருவாக வெளிச்சம் வந்தது. சிறுவர்கள் கை தட்டினார்கள். பியூஸ் போகவில்லை. மீட்டரைப் பார்த்துவிட்டு இன்ஜினியர் சிரித்தபடியே ஜீப்பில் ஏறினார்.

கடைசிக் கம்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கங்கையம்மாள் ஆட்டுக்கல்லோடு போராடிக்கொண்டிருந்தாள். "இன்னா டீச்சரம்மா, கரண்ட்டு வந்துட்ச்சி, காலனி மட்டும் இருட்டா இருந்துச்சே? அரிசி ஊறிகினே கீது, சாமி ஆளையே அனுப்பல. எம்மா நேரம் குந்திகினு இருப்பேன்? போட்டுப் பாத்தேன்."

அவள் சொன்னதைப் பின்னால் வந்த தோத்தாத்ரியும் கேட்டார். அப்படியே திரும்பி நடந்தார். விதி மீறல்! வேறு யார் மறந்தாலும் அந்த மனுஷர் மறக்க மாட்டார்.

ஞாயிறு சாயங்காலம் பொதுக்குழு. கங்கையம்மாளையும் வரச் சொல்லி அவரே ஆள் அனுப்பியிருந்தார். அவள் உள்ளே வராமல் வாசற்படி ஓரமாக நின்றாள். கையில் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று.

"இன்னா இது?" என்று அவள் பாஷையிலேயே கேட்டேன்.

"பல்ப்பு. கம்பிய கத்தரிப்பாங்க இல்ல? அது அவங்களுது. இது என் துட்டு. கழட்டிகினு வந்துட்டேன்." கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

நான் சண்டைக்குத் தயாராகிவிட்டேன். தோத்தாத்ரி எழுந்தார்.

"நான் ஆள் அனுப்பறதுக்கு முன்னாடி சுவிட்சைப் போட்டது விதி மீறல். அதுல சந்தேகமே இல்லை."

"சார்!" என்று நான் எழுந்தேன்.

"உக்காருங்கோ டீச்சர், நான் முடிக்கலை. விதியை மதிச்ச நாம அத்தனை பேரும் அன்னிக்குச் சங்கத்தைப் பறிகொடுக்க இருந்தோம். மீறின ஒருத்தராலதான் நிக்கறது. அப்போ தப்பு விதியிலதான் இருக்கு. முதல் தீர்மானம். சோதனைக் காலம் இன்னியோட சரி. கங்கையம்மாள் பூரண அங்கத்தினர்."

தடதடவென்று எல்லாக் கையும் எழுந்தது. நான் இரண்டு கையையும் தூக்கினேன். ஒரு கைதான் செல்லும் என்றார்.

"ரெண்டாவது. இனிமே புயலோ மழையோ, மின்சாரம் போய் வந்தா, முதல் விளக்கு கடைசிக் கம்பத்துலதான் எரியணும். அப்புறம்தான் மத்தவா. ஏரிக்கரைல யார் கேட்டாலும் இணைப்பு. ஆதரிக்கறவா கை தூக்கலாம்."

பிற்பாடு எழுபதுகளில் வந்த பெரிய டிரான்ஸ்பார்மர், ஏரிக்கரையின் மூன்று தெரு, கங்கையம்மாளின் மாவு மில் எல்லாம் அன்றைக்கு எழுந்த கைகளால் வந்தவைதான். ஆனால் அப்போது அதெல்லாம் யாருக்குத் தெரியும்? தோத்தாத்ரி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு கையாக எண்ணிக்கொண்டே வந்தார். வாசற்படியில் வந்ததும் நிறுத்தினார்.

"அங்க ஒரு கை பாதிதான் தெரியறது. நன்னாத் தூக்குங்கோம்மா. நான் எண்ண வேண்டாமா?"

கங்கையம்மாள் உள்ளே வந்தாள். பல்பை என் மடியில் வைத்தாள். கையை நீட்டித் தூக்கினாள்.