மெருகு போட்ட கத்திகள்

பன்னிரண்டு கத்திகளும் கல்யாண வீட்டு எவர்சில்வர் பாத்திரம் மாதிரி பளபளத்தன. தன்னுடையவைதானா என்று காஞ்சனா குனிந்து பார்த்தாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஆயுத பூஜைக்காக வாழைக்கன்று கட்டிய கேன்டீன் ஹாலில், வெள்ளைத் துணி விரித்த மேசைமேல், கத்திக்கு ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம் என்று வரிசையாக வைத்திருந்தார்கள்.

"எப்டி மேடம் நம்ம சர்ப்ரைஸ்?" என்றான் ஹேமந்த். அவன் எச்.ஆர். மேனேஜர். "துரு ஒண்ணு விடாம எடுத்தாச்சு. புதுசு மாதிரி ஆயிடுச்சு பாருங்க."

புதுசாம்! பதினான்கு வருஷமாக அலைந்து திரிந்து, பழசாகப் பார்த்துப் பார்த்து அவள் சேர்த்தவை அவை. புதுசு வேண்டுமென்றால் வாலாஜாபாத் கடைத்தெருவில் அரை நிமிஷத்தில் கிடைக்காதா? இதைக்கூட யோசிக்காத ஆளுக்குத்தான் எண்ணூறு பேரைக் கட்டி மேய்க்கிற வேலை கொடுத்திருந்தார்கள்.

காஞ்சனாவுக்கு வல்லம் வடகால் தொழிற்பேட்டையில், கார்க் கதவுகளுக்குக் கீலும் பூட்டும் செய்கிற அந்தக் கம்பெனியில் பதினேழு வருஷ சர்வீஸ். இறுதிப் பரிசோதனை அவள் கையில். அவள் விரலால் தடவி ஓகே சொன்னால்தான் சரக்கு லாரியில் ஏறும். அந்த விரல்தான் அவளை மடக்குக் கத்திகளிடம் கூட்டிக்கொண்டு போனது. வாலாஜாபாத்தில் வெங்கடேசனின் காயலான் கடைக்குப் பழைய மிக்ஸியைப் போடப் போனவள், குப்பையோடு குப்பையாகக் கிடந்த ஒரு மடக்குக் கத்தியை எடுத்துத் திறந்தாள். எத்தனை வருஷத்துக் கத்தியோ, டக்கென்று திறந்து நின்றது. துளி ஆட்டம் இல்லை. கம்பெனியில் கோடிக்கணக்கான ரூபாய் மெஷினில் செய்கிற கீலை அவள் ஆட்டம் கண்டுவிட்டதென்று தினம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். இதை யாரோ ஒரு ஆள் அரத்தால் ராவியே செய்திருந்தான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அது.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "பொம்பளைக்கு இன்னாத்துக்கு இத்தினி கத்தி? ஊட்டுக்காரர் எப்டித்தான் நிம்மதியா தூங்குறாரோ" என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவள் ஒவ்வொன்றையும் மணிக்கணக்கில் வைத்துப் பார்ப்பாள். பாக்கு வெட்டிய இரும்புக்கு ஒரு கறுப்பு, மாங்காய் நறுக்கியதற்கு ஒரு நீலம். ஒரு பக்கம் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் தீட்டியவன் இடதுகைக்காரன். எருமைக்கொம்புப் பிடியில் கட்டைவிரல் படுகிற இடம் குழிந்திருக்கும். இதையெல்லாம் படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் கத்தி. மற்றவர்கள் கண்ணுக்கு அது துரு.

அந்தப் பன்னிரண்டில் இரண்டு கத்திகள் அவளுக்கு உயிர். இரண்டிலும் அலகு மடங்குகிற இடத்தின் ஓரத்தில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பறவை முத்திரை இருந்தது. முதல் கத்தி வெங்கடேசன் கடையில் கிடைத்தது. அதே பறவை உள்ள இன்னொன்றைத் தேடி நான்கு வருஷம் அலைந்து, காஞ்சிபுரத்தில் ஒரு பாய் கடையில் பிடித்தாள். இரண்டாவதில் பறவையின் வால் நுனி மட்டும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் தேய்ந்துவிட்டது என்று விட்டிருப்பார்கள். இரும்பில் எண் குத்துகிற பஞ்ச் எப்படி உடையும் என்பது காஞ்சனாவுக்குத் தெரியும். நுனி ஒருமுறை உடைந்தால், அதற்குப் பிறகு குத்துகிற அத்தனையிலும் அந்தக் குறை இருக்கும். முன்னால் குத்தியதில் இருக்காது. ஆக வால் உள்ள கத்தி முந்தியது, வால் இல்லாதது பிந்தியது, இரண்டும் ஒரே பட்டறை. செய்தவன் பேர் தெரியாது, ஊர் தெரியாது. இருந்தாலும் அவனைப் பற்றி உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதை அவளே கண்டுபிடித்தாள். பூதக்கண்ணாடியில் அதைப் பார்த்த ராத்திரி சந்தோஷத்தில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது அந்த இரண்டையும் எடுத்துத் திருப்பினாள். ஒன்றில் பறவை இல்லை. இன்னொன்றிலும் இல்லை. முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம்போல இருந்தது அலகு. கொம்புப் பிடியில் செதுக்கியிருந்த கோடுகள் வழவழவென்று போயிருந்தன. மடக்கிப் பார்த்தாள்; மூட்டுக்குள் மெருகுப் பசை புகுந்து நறநறத்தது.

"யாரைக் கேட்டு சார் பண்ணீங்க?"

"கேட்டா அப்புறம் சர்ப்ரைஸ் எப்டி மேடம்?"

"எடுத்துட்டு வர மாட்டேன்னுதானே சொன்னேன். ஊழியர்களோட பொழுதுபோக்கு ஸ்டால்னு நீங்கதான் மூணு தடவ ஆள் அனுப்புனீங்க. முந்தின நாளே குடுங்க, பீரோல வெச்சுப் பூட்டிக்கிறேன்னு சொன்னீங்க. பூட்டினா இப்டியா ஆவும்?"

"ப்ளான்ட் ஹெட் வர்ற ஸ்டால் மேடம். துருப்பிடிச்ச ஐட்டத்தை எப்டி வெக்கிறது?"

"இதுல ஒரு பறவை இருந்துச்சு சார்."

"பறவையா?" ஹேமந்த் மேசைக்கு அடியில் ஒருமுறை எட்டிப் பார்த்தான்.

"முத்திரை. ரெண்டு கத்தியில இருந்துச்சு. இப்ப இல்ல."

"அழுக்கோட போயிருக்கும், விடுங்க. ஃபர்ஸ்ட் ப்ரைஸ் உங்களுக்குத்தான்."

முதல் பரிசு இட்லியைச் சூடாக வைக்கிற ஒரு ஹாட் பேக். ப்ளான்ட் ஹெட் கையால் அதை வாங்கும்போது போட்டோ எடுத்தார்கள். சிரிங்க மேடம், சிரிங்க என்று கேமராக்காரன் கெஞ்சினான். அவள் சிரிக்கவில்லை.

அன்றைக்கே, டீ இடைவேளையில், ஒரு முழுத்தாளில் புகார் எழுதி ப்ளான்ட் ஹெட் அறையில் கொடுத்துவிட்டு வந்தாள். 'என் சொந்தப் பொருளை என்னைக் கேட்காமல் பஃபிங் சக்கரத்தில் மெருகு போட்டு நாசம் செய்திருக்கிறார்கள். இதற்குக் காரணமானவர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும்.' காரணமானவர் யார் என்று எழுதவில்லை. ஊருக்கே தெரிந்ததை எழுத வேறு வேண்டுமா என்று நினைத்தாள். கீலில் ஒரு கீறல் கண்டால்கூட, காரணம் என்கிற கட்டத்தைக் காலியாக விட்டு அவள் ஒருநாளும் ரிப்போர்ட் அனுப்பியதில்லை. கோபத்தில் அன்றைக்கு விட்டுவிட்டாள்.

பூஜை விடுமுறை முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, கேட்டுக்கு வெளியே சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு பகலவன் உட்கார்ந்திருந்தான். பஃபிங் சக்கரத்தில் ஆறு வருஷமாக நிற்கிறவன். கான்ட்ராக்ட் ஆள். மூக்கு ஓரத்திலும் காது மடலிலும் எத்தனை கழுவினாலும் போகாத கறுப்பு. இரண்டு பெண் பிள்ளைகள் அவனுக்கு.

"இன்னா பகலவா, உள்ள போல?"

"வுட மாட்றாங்கக்கா. உம்மேல கம்ப்ளெயின்ட் கீது, இனிமே வராதன்னு கான்ட்ராக்டர் சொல்லிட்டாரு. பஞ்ச் கார்டையும் புடுங்கிக்கினாங்க." அவன் எழுந்து நின்றான். "உங்க கத்தி மேட்டராம். நான் இன்னாக்கா பண்ணேன்? எச்.ஆர். சார்தான் கொண்டாந்து குடுத்தாரு. கண்ணாடி மாதிரி வரணும்னாரு. ஷிப்ட் முடிஞ்சி ரெண்டு மணி நேரம் நின்னு பண்ணேன். ஓவர்டைம் கூட எழுதல. நீங்க எதையும் லேசுல ஓகே பண்ண மாட்டீங்கன்னு தெரியும்ல? உங்க கண்ணுக்கு ஒரு கோடுகூட படக் கூடாதுன்னு பாத்துப் பாத்துப் பண்ணேங்க்கா."

காஞ்சனாவுக்கு யாரோ பொடனியில் அறைந்த மாதிரி இருந்தது.

"நான் எழுதுனது உம்மேல இல்ல."

"உங்களுக்கு யார்மேலன்னு தெரியும். அங்க கீறவங்க யாரைப் புடிப்பாங்க? கான்ட்ராக்ட் ஆளைத்தான் புடிப்பாங்க." அவன் குரலை உயர்த்தக்கூட இல்லை.

அவள் லைனுக்குப் போகவில்லை. நேராக ஹேமந்த் அறைக்குப் போனாள்.

"ஆக்‌ஷன் எடுத்தாச்சு மேடம்" என்றான் அவன், அவள் வாயைத் திறப்பதற்குள். "நீங்க கேட்டீங்க, கம்பெனி பண்ணிடுச்சு."

"பண்ணச் சொன்னது நீங்க சார்!"

"நான் சுத்தம் பண்ணத்தான் சொன்னேன். பஃபிங் போடுன்னு எங்கயாவது எழுத்துல இருக்கா?"

"கண்ணாடி மாதிரி வரணும்னு சொன்னீங்களாம்."

"யார் சொன்னா? அவனா?" ஹேமந்த் புன்னகைத்தான். அந்தப் புன்னகைக்கே ஒரு அறை கொடுத்திருக்கலாம்.

"என் புகாரை நான் வாபஸ் வாங்கிக்கிறேன். அவனை உள்ள விடுங்க."

"அது அவ்ளோ சுலபம் இல்ல. பேப்பர் ப்ளான்ட் ஹெட் டேபிளுக்குப் போயிடுச்சு. நடந்தது தப்புன்னா யாராவது ஒருத்தர் பொறுப்பாகணும். தப்பே நடக்கலன்னா, அதை நீங்கதான் எழுதிக் குடுக்கணும்." அவனே ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினான். அடித்துத் தயாராக வைத்திருந்தான். 'மேற்படி வேலை என் சம்மதத்துடன் நடந்தது. பொருட்களை நல்ல நிலையில், முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்.'

காஞ்சனா அந்த இரண்டு வரியை மூன்று தரம் படித்தாள். கிழித்து அவன் மூஞ்சியில் எறிந்துவிட்டு ப்ளான்ட் ஹெட்டிடம் நேராகப் போகலாம். போனால் விசாரணை வைப்பார்கள், கமிட்டி போடுவார்கள், இரண்டு மாசம் இழுப்பார்கள். பர்மனென்ட் ஆளான அவளுக்கு ஒன்றும் ஆகாது. மேனேஜரான இவனுக்கும் ஒன்றும் ஆகாது. நாளைக்கே பஃபிங் சக்கரத்துக்கு முன்னால் வேறு ஒருத்தன் நிற்பான். எவ்வளவு அழகாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறான் பாவி! கத்தியைத் துடைத்த மாதிரியே தன் கையையும் துடைத்துக்கொள்கிறான், அதற்கும் அவளையே துணியாக்குகிறான்.

"மொதல்ல கேட்டுக்கு ஃபோன் போடுங்க" என்றாள். "அவன் கார்டைக் குடுங்க. அவன் பஞ்ச் அடிச்சு உள்ள வந்தப்புறம்தான் கையெழுத்து."

"என்னை நம்ப மாட்டீங்களா மேடம்?"

"மாட்டேன்."

அவன் சிரிப்பு அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது. ஃபோன் போட்டான். பத்து நிமிஷம் கழித்து, கம்ப்யூட்டரில் பகலவன் பெயர் வந்ததைத் திருப்பிக் காட்டினான். அவள் பேனாவை எடுத்தாள். ஆத்திரத்தோடு தாளின் அடியில் கையெழுத்துப் போட்டாள். பதினேழு வருஷத்தில் கெட்டுப்போன ஒரு சரக்குக்கு அவள் ஓகே போட்டது அதுதான் முதல் தடவை. கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "தேங்க்யூ மேடம்" என்று தாளை ஃபைலில் வைத்துக்கொண்டான் ஹேமந்த். அவ்வளவுதான். அத்தோடு விஷயம் முடிந்தது அவனுக்கு.

பஃபிங் பிரிவு வாசலில், முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டிருந்த பகலவன் அவளைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"உங்களுக்கு திருப்தின்னு எழுதிக் குடுக்கப் போறீங்களாம். கேட்ல சொன்னாங்க. அப்ப நல்லாத்தான் வந்துச்சாக்கா கத்தி?"

அவன் கண்ணில் தெரிந்த ஆசையைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்த அறையில் எழுதிக் கொடுத்த பொய்யே இந்த ஜென்மத்துக்குப் போதும் என்று இருந்தது அவளுக்கு.

"இல்ல பகலவா. நாசமாயிடுச்சு. நீ நல்லாத்தான் பண்ண, ஆனா பண்ணவே கூடாதது அது. அதுல ரெண்டு பறவை முத்திரை இருந்துச்சு. அதைப் பாக்கத்தான் அந்தக் கத்தியையே வெச்சிருந்தேன்."

அவன் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தான்.

"ஒண்ணு வால் மழுங்கினு இருந்துச்சே, அதுவாக்கா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ பாத்தியா?"

"பாத்தேன். குருவி மாதிரி இருந்துச்சு. ரெண்டுலயும் இருக்குதேன்னு சார்கிட்ட கேட்டேன். இதை வுட்டுட்டுப் பண்ணவா சார்ன்னு. எல்லாத்தையும் எடுன்னாரு." அவன் துணியை முகத்திலிருந்து இறக்கினான். "மன்னிச்சுக்கங்கக்கா. உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

அந்தக் கம்பெனியில் அவளிடம் மன்னிப்புக் கேட்டது அவன் ஒருத்தன்தான். கேட்கத் தேவையே இல்லாதவனும் அவன் ஒருத்தன்தான்.