பிந்தி வரும் வசனம்

வேற்றுமொழிப் படங்களுக்கு அடியில் ஓடும் வசனங்களை எழுதுவது அவள் வேலை. சில சமயம் ஏதோ கோளாறில் வரிகள் எல்லாம் பிந்திப்போகும். ஏரிக்கரையில் ஒருத்தி அழுது முடித்து, படகேறி, பனிக்குள் மறைந்தும் போயிருப்பாள். அதற்குப் பிறகு வெறும் தண்ணீரின் மேல் ‘என்னை விட்டுப் போகாதே’ என்று எழுத்து மிதக்கும். அந்த வரியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போய், அழுதவளின் உதடுகளுக்குக் கீழே வைப்பாள்.

மகனுடைய வாந்தியையும் அப்படித்தான் இழுத்துப் பார்த்தாள். ஒன்றரை வயது. வீட்டில் தும்பி என்று கூப்பிடுவார்கள். ஓடியாடிக்கொண்டிருப்பவன் திடீரென்று ஓய்ந்து, சுண்ணாம்பாய் வெளுத்து, குடலே வெளியே வருவது போல வாந்தி எடுப்பான். ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் பின்னால் போனால், அங்கே ஒரு முட்டை இருந்தது.

யாரும் நம்பவில்லை. தோலில் குத்திப் பார்த்தார்கள், தடிப்பு வரவில்லை. ஒவ்வாமைக்கான ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை.

“முட்டையைப் பாத்தா அவனுக்கு ஒண்ணும் ஆகல அண்ணி. உங்களுக்குத்தான் மூஞ்சி வெளுக்குது,” என்று சிரிப்பாள் நாத்தனார். அம்மா வேலைக்குப் போகும்போது தும்பியைப் பார்த்துக்கொள்பவள் இந்த நாத்தனார்தான். கணவன் சண்டைக்கெல்லாம் வரமாட்டான். “எல்லாம் நார்மல்னு எழுதிக் குடுத்திருக்காங்களே,” என்பதோடு சரி. தான் இல்லாத ஒரு நாளில், யாராவது பாசத்தோடு ஒரு வாய் ஊட்டிவிடுவார்கள் என்ற பயம் வேலைக்கும் அவள் கூடவே வந்தது.

குழந்தைகள் டாக்டரம்மா மட்டும் தலையாட்டிக்கொண்டே கேட்டார். “அந்த டெஸ்ட் தேடுறது ஒரு வகைக் காவல்காரனை. அவன் வந்த உடனே விசில் அடிப்பான். சில பிள்ளைங்களுக்கு வேற ஆளுங்க கிளம்புவாங்க. சத்தமில்லாம, லேட்டா. இங்கேயே வச்சு ஊட்டிப் பாப்போம். முன்னாடியும் பின்னாடியும் ரத்தம் எடுப்போம்.”

கணவனும் நாத்தனாரும் கூட வந்தார்கள். மருத்துவமனை அறையின் சுவரெல்லாம் நீல மீன்கள் வரையப்பட்டிருந்தன. நர்ஸ் முதல் ரத்தத்தை எடுத்துக்கொண்டாள். பிறகு வேகவைத்து மசித்த முட்டை, கரண்டி நுனியில் கொஞ்சம் கொஞ்சமாக. தும்பி நாக்கைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டான்.

மழை பிடித்தது. ஜன்னல் கண்ணாடியில் வழிந்த நீரின் நிழல் சுவரில் விழ, மீன்கள் மெல்ல நீந்தத் தொடங்கின. தும்பி அத்தையின் செருப்பைக் கழற்றி அவற்றுக்கு ஊட்டினான்.

ஒரு மணி நேரம் போனதும் நாத்தனார் பையைத் தோளில் மாட்டினாள். “பாத்தீங்களா அண்ணி? கல்லு மாதிரி இருக்கான். நீயாவது சொல்லுண்ணா.”

“கிளம்பிடலாமா?” என்றான் கணவன்.

“வசனம் இன்னும் வரல.”

“என்னது?”

“உக்காருங்க ரெண்டு பேரும்.”

மீன்களைப் பார்த்துக்கொண்டே, வரட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்தது தான்தானா என்று திடுக்கிட்டு மகனின் உச்சந்தலையை முகர்ந்தாள். வேண்டாம், வரவே வேண்டாம். நான் பைத்தியக்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

முதலில் கவனித்தது நாத்தனார்தான். “அண்ணி, இவன் ஏன் திடீர்னு பேசாம இருக்கான்?”

செருப்பு அவன் கையிலிருந்து நழுவியது. உதடு வெளுத்தது. அப்புறம் வாந்தி, மறுபடி, மறுபடி. கணவனின் சட்டையெல்லாம் நனைந்தது. பிள்ளை துணி போலத் துவண்டான். நர்ஸ் ஓடிவந்து ஊசிபோட்டாள், சலைன் ஏற்றினாள். அவள் மகனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, ‘வரட்டும்’ என்ற அந்த ஒரு சொல்லை எங்காவது இழுத்துப்போய் மறைத்துவிட முடியாதா என்று தவித்தாள்.

மழை விட்டபோது தும்பியின் கன்னத்தில் நிறம் ஏறத் தொடங்கியிருந்தது. இரண்டாவது ரத்தத்தின் முடிவோடு டாக்டரம்மா வந்தார்.

“நியூட்ரோஃபில்னு ஒரு வெள்ளையணு. நான் சொன்ன அந்த வேற ஆளு. காலையில இருந்ததுக்கு இப்ப எவ்வளவோ ஏறியிருக்கு. காவல்காரன் இன்னும் தூங்கிட்டுத்தான் இருக்கான். அம்மா சொன்னதுதான் சரி. வளர வளர பெரும்பாலும் சரியாயிடும். அதுவரைக்கும் முட்டை வேண்டாம்.”

கணவன் ஈரச்சட்டையோடு நின்றான். “நார்மல் நார்மல்னு சொல்லியே உன் வாயை அடைச்சிட்டேன்ல?” என்றான். அவள் துவாலையை நீட்டினாள்.

சில வாரங்களுக்குப் பிறகு ஒரு காலை, வேலைக்குக் கிளம்ப அவள் கைப்பையை எடுத்தாள்.

“அண்ணி, இன்னைக்கு முதல்முதலா பேரிக்காய் குடுத்திருக்கேன்.”

“நல்லாத்தானே இருக்கான்? நான் வரேன்.”

“எங்க வரீங்க?” நாத்தனார் கதவை மறித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். “ஆபீசுக்கு ரெண்டு மணி நேரம் லேட்டுனு சொல்லிடுங்க. வசனம் வருதா இல்லையான்னு தெரிய வேணாமா?”

அவளும் பையை வைத்துவிட்டு அருகில் உட்கார்ந்தாள். வெயில் தரையில் ஏரி போலப் பரவிக் கிடந்தது. அதன் நடுவே தும்பி, மிச்சப் பேரிக்காயை அத்தையின் செருப்புக்கு ஊட்டிக்கொண்டிருந்தான்.